மதம் கேட்டு எழுதியாச்சு, ஆன்மிகத்தை எங்கே எழுதுவது? வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியருக்கு

அட்மிஷன் படிவத்தில் பெயர், வயது, ஒவ்வாமை எல்லாம் கேட்டுக்கொண்டே வரும்போது நடுவில் 'மதம்' என்று ஒரு கட்டம் வரும். இரண்டு நொடி வேலை. கேட்பீர்கள், சொல்வார்கள், எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவீர்கள். சில படிவங்களில் அதற்குக் கீழேயே 'ஆன்மிகத் தேவைகள்' என்று இன்னொரு கட்டமும் இருக்கும். புதிதாக வந்தவர்கள் பேனாவைப் பிடித்துக்கொண்டு முழிப்பது அங்கேதான். நானும் முழித்திருக்கிறேன். மேலே எழுதியதையே திரும்ப எழுதுவேன், இல்லாவிட்டால் 'இல்லை' என்று போட்டுவிடுவேன்.

அப்படி நான் 'இல்லை' போட்டவர்களில் ஒருவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மதம் என்ற கட்டத்துக்கும் அவரே "இல்லைன்னு போடும்மா, எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது" என்று சொல்லிவிட்டதால் எனக்கு இரட்டை நிம்மதி, இரண்டு கட்டமும் ஒரே சொல்லில் முடிந்தது. மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு பிபி பார்க்கப் போனால் மனிதர் விழித்துக்கொண்டு, வலது கை விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக மடக்கி மடக்கி விட்டுக்கொண்டிருக்கிறார். "தூக்கம் வரலையா ஐயா?" என்றேன். "நாப்பது வருஷமா இந்தக் கைதாம்மா நான். இது போச்சுன்னா இங்க படுத்திருக்கிறது யாரு?" என்றார். எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. இடது கையில் கஃப்பைக் கட்டி பிபி பார்த்தேன், குறித்தேன், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

படிவத்தில் நான் 'இல்லை' என்று எழுதிய தேவை அதுதான் என்று உறைக்க எனக்குச் சில வருடங்கள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: இரண்டு சொல்லையும் பிரித்துக்கொள்ளுங்கள்

நமக்கு இதில் மொழியாலேயே ஒரு சிக்கல் உண்டு. தமிழில் 'ஆன்மிகம்' என்றால் பெரும்பாலானவர்கள் காதில் விழுவது வழிபாடும் விரதமும் சொற்பொழிவும்தான். பத்திரிகைகளில் ஆன்மிகப் பக்கம் என்று வருவதும் அதுவே. அதனால் நோயாளியிடம் போய் "உங்களுக்கு ஆன்மிகத் தேவை ஏதாவது இருக்கா?" என்று கேட்டால், "நான் அவ்வளவா சாமி கும்பிட மாட்டேன் சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். நீங்கள் கேட்டது ஒன்று, அவருக்குக் கேட்டது வேறு.

செவிலியப் பணியில் இந்தச் சொற்களை எந்தப் பொருளில் எடுத்துக்கொள்கிறோம் என்றால், மதம் என்பது ஒரு கூட்டத்துக்குப் பொதுவானது: பொதுவான நம்பிக்கை, நூல், சடங்கு, செய்யலாம் செய்யக்கூடாது என்ற விதிகள், வழிநடத்த ஒரு குரு. வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியும், கேட்டால் சொல்லிவிடவும் முடியும். ஆன்மிகம் ஒருவரின் பிடிமானம். எதை வைத்து அவர் காலையில் எழுந்திருக்கிறார், யாருக்காக இருக்கிறார், தனக்கு நடப்பதை என்னவென்று எடுத்துக்கொள்கிறார், யாரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் அல்லது யாரை மன்னிக்கவேண்டும் என்று உள்ளுக்குள் முட்டிக்கொண்டிருக்கிறது, இதெல்லாம் சேர்ந்தது. அமெரிக்காவில் 2009-ல் நோய்த்தணிப்புச் சிகிச்சைத் (பாலியேட்டிவ் கேர்) துறையினர் கூடி ஒத்துக்கொண்ட வரையறையும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: வாழ்வின் பொருளையும் நோக்கத்தையும் ஒருவர் தேடும், வெளிப்படுத்தும் விதம், இந்தக் கணத்தோடும் தன்னோடும் பிறரோடும் இயற்கையோடும் தனக்குப் புனிதமானதோடும் அவருக்கு இருக்கும் பிணைப்பு. கடவுளை நம்புகிறவர் அந்த வரையறைக்குள் தாராளமாக வருவார், நம்பாதவரும் வெளியே நிற்கமாட்டார்.

நிறையப் பேருக்கு இந்த இரண்டும் ஒன்றாகவே இருக்கும், அவர்களுடைய பிடிமானம் மதத்தின் வழியாகத்தான் வருகிறது. சிலருக்கு மதம் இல்லை, பிடிமானம் உண்டு, நம் கடிகாரக்காரரைப் போல. மூன்றாவது வகைதான் நம்மை ஏமாற்றும்: சடங்கு எல்லாம் ஒழுங்காக நடக்கும், உள்ளே பிடி விட்டுப்போயிருக்கும்.

இது ஏதோ தத்துவப் பேச்சு, வார்டுக்கு உதவாது என்று நினைத்தால், நாம் படித்த பாடத்தையே திருப்பிப் பாருங்கள். செவிலியக் கோட்பாட்டாளர் வர்ஜீனியா ஹெண்டர்சன் சொன்ன 14 அடிப்படைத் தேவைகளில் தன் நம்பிக்கைப்படி வழிபடுவது 11-வது. அதற்கு அடுத்ததாக, 12-வதாக நிற்பது சாதித்த நிறைவு தரும்படி வேலை செய்வது. நான் 11-ஐப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடினேன், கடிகாரக்காரர் கேட்டது 12. நாண்டா என்ற அமைப்பின் செவிலிய நோயறிதல் பட்டியலிலும் இவை இரண்டும் தனித்தனி. 'ஆன்மிகத் துயரம்' 1978-லேயே பட்டியலில் ஏறிவிட்டது, 'மத அனுசரிப்பில் தடை' என்பது 2004-ல் தனியாக வந்தது. தொழுகைக்கு இடமில்லை, பூசைக்குப் போக முடியவில்லை என்று தவிப்பது இரண்டாவது வகை. அதற்கு இடம், நேரம், தண்ணீர், ஆள் ஏற்பாடு செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். முதலாவது ஏற்பாட்டால் மட்டும் தீராது. 1982-ல் வந்த ஆன்மிக நலன் அளவுகோல் ஒன்றில் 20 கேள்விகள், 10 கடவுளோடு உள்ள உறவைப் பற்றி, மீதி 10 வாழ்க்கையின் நோக்கம், நிறைவு பற்றி. ஒரே ஆளுக்கு ஒரு பாதியில் நல்ல மதிப்பெண்ணும் இன்னொரு பாதியில் மோசமான மதிப்பெண்ணும் வரலாம்.

இரண்டாம் படி: உங்கள் சொந்தச் சரக்கைக் கதவுக்கு வெளியே வையுங்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தீவிர பக்தராக இருக்கலாம், நாத்திகராக இருக்கலாம், அது உங்கள் விஷயம். பக்தர் செய்யும் தவறு, தனக்கு ஆறுதல் தந்தது எல்லோருக்கும் தரும் என்று நினைப்பது. நாத்திகர் செய்யும் தவறு, நோயாளி கடவுளைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் ட்ரிப்ஸ் வேகத்தைச் சரிபார்க்கத் தொடங்கிவிடுவது. இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன், இரண்டாவதைச் செய்தும் இருக்கிறேன். எந்தப் பேச்சு வந்தால் உங்களுக்குக் கால் பின்வாங்குகிறது என்று ஒருமுறை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அது போதும்.

மூன்றாம் படி: மதத்தை நேராகக் கேளுங்கள், முதல் நாளே கேளுங்கள்

இங்கே கூச்சம் வேண்டாம். பெயரை வைத்து ஊகிக்கவும் வேண்டாம். பெயர் பெற்றோர் வைத்தது, நம்பிக்கை அவருடையது. "என்ன மதம்?" என்பதோடு நிறுத்தினால் பாதிதான் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த கேள்விதான் நமக்கு உபயோகம்: "உங்க நம்பிக்கைப்படி சாப்பாட்டில, மருந்தில, சிகிச்சையில நாங்க கவனிக்கவேண்டியது ஏதாவது இருக்கா? யாரையாவது வரவழைக்கணுமா?"

இது மரியாதைக்காக மட்டும் கேட்பதில்லை, சிகிச்சையே இதனால் மாறும். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் முழு ரத்தம், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா ஏற்பதில்லை. ஆனால் ஆல்புமின், இம்யூனோகுளோபுலின் போன்ற ரத்தக் கூறுகளை அவரவர் மனசாட்சிக்கு விட்டிருக்கிறார்கள், எனவே ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும். அதையும் அறுவை அரங்குக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கேட்டால் எல்லோருக்கும் கஷ்டம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது, பல கேப்ஸ்யூல்களின் உறை விலங்கு ஜெலட்டின். இஸ்லாமியர், யூதர், சைவ உணவை மத நெறியாகக் கொண்டவர்கள் இதைத் தெரிந்துகொள்ள விரும்பலாம். தெரிந்தபின் 'பரவாயில்லை, உயிர் முக்கியம்' என்று ஏற்றுக்கொள்பவர்கள் நிறைய, ஆனால் அந்த முடிவு அவர்களுடையதாக இருக்கவேண்டும். மாற்று உண்டா என்று பார்ப்பது மருத்துவர், மருந்தாளர் வேலை. அவர்கள் காதில் போடுவது நம் வேலை.

நோன்பு இன்னொன்று. நோயாளிகளுக்கு ரமலான் நோன்பிலிருந்து விலக்கு உண்டு, இருந்தும் சிலர் வைப்பார்கள், அதுவும் சொல்லாமல் வைப்பார்கள். நீங்கள் காலை ஏழு மணிக்கு வழக்கமான இன்சுலினைப் போட்டுவிட்டுப் போனால் மதியத்துக்குள் சர்க்கரை இறங்கிப்போயிருக்கும். திட்டாமல் கேட்டால் சொல்லிவிடுவார்கள், சொல்லிவிட்டால் மருத்துவரோடு பேசி அளவையோ நேரத்தையோ மாற்றலாம், அல்லது அவர்களுக்கு நம்பிக்கையான ஒரு இமாமே "இப்போது வேண்டாம்" என்று சொல்லக்கூடும். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளு செய்யத் தண்ணீர் தொட முடியாத நிலையில் தயம்மும் என்று மண்ணைத் தொட்டுச் செய்யும் முறை இருப்பதும் தெரிந்துவைத்துக்கொண்டால் நல்லது.

சீக்கியருக்கு முடி வெட்டாமல் வைத்திருப்பது அடிப்படையான நெறி, அறுவைக்கு முன் ரேசரை எடுப்பதற்கு முன்னால் எவ்வளவு இடம், ஏன் என்று சொல்லிக் கேளுங்கள். உடலில் கட்டியிருக்கும் கயிறு, நூல், வளையம் எதையும் கத்தரியை வைத்து வெட்டிவிட்டு அப்புறம் விளக்கம் சொல்லாதீர்கள். பல நேரம் டேப் போட்டு ஒட்டிவைத்தாலே போதும், கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால் அவரோ குடும்பத்தினரோ கழற்றட்டும். ஓய்வுநாளை அனுசரிக்கும் யூதர் வெள்ளி சூரிய அஸ்தமனத்திலிருந்து சனி இரவு வரை மின்சாதனங்களை இயக்கத் தயங்கலாம், அழைப்பு மணியை அழுத்தாமல் இருந்துவிடலாம். உயிருக்கு ஆபத்து என்றால் அவர்கள் விதியே விலக்குத் தருகிறது, ஆனாலும் அந்த இரவு நீங்களாகவே அடிக்கடி எட்டிப் பாருங்கள்.

கத்தோலிக்கரிடம் ஒரு நுணுக்கம். எண்ணெய் பூசிச் செபிப்பதை முன்பு 'அவஸ்தைப் பூசுதல்' என்பார்கள், சாகப்போகிறவருக்குச் செய்வது என்ற எண்ணம் அதனால் ஊறிப்போயிருக்கிறது. இப்போது அது 'நோயில் பூசுதல்', கடும் நோயுற்ற யாரும் பெறலாம். ஆனால் வயதானவர்கள் சிலருக்குப் பழைய பொருள்தான் நினைவில் இருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் பாதிரியாரைக் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்தினால் 'அவ்வளவுதானா நான்?' என்று ஆடிப்போய்விடுவார்கள். முதலில் நோயாளியைக் கேளுங்கள், குடும்பத்தை இல்லை.

இதையெல்லாம் பட்டியலாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது எதைக் கேட்கலாம் என்பதற்கான நினைவூட்டல் மட்டுமே. ஒரே மதம், ஒரே வீடு, அண்ணன் ஒருமாதிரி தம்பி ஒருமாதிரி என்பதுதான் உலகம்.

நான்காம் படி: ஆன்மிகத்தைக் கேட்காதீர்கள், காதில் விழும்படி நில்லுங்கள்

மதத்தைக் கேட்கும் வேகத்தில் இதைக் கேட்க முடியாது. அட்மிஷன் மேசையில் யாரும் தன் வாழ்க்கையின் பொருளைச் சொல்லமாட்டார்கள். இது வருவது படுக்கையிலேயே உடல் துடைக்கும்போது, புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது, நடு இரவில். உங்கள் கண் வேலையில் இருக்கிறது, அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த தைரியத்தில் ஒரு வரி வெளியே வரும். "நான் யாருக்கு என்ன பாவம் பண்ணேன்னு தெரியலை." "எல்லாருக்கும் பாரமா ஆயிட்டேன்." "எதுக்குத்தான் இப்படிக் கிடக்கேனோ." "அவன் மட்டும் ஒருதடவை வந்துட்டுப் போனா…" பேச்சு வராமலும் தெரியும்: வருகிறவர்களைப் பார்க்க மறுப்பது, வழக்கமாகச் செய்த செபத்தை நிறுத்திவிடுவது, எதைக் கேட்டாலும் 'உங்க இஷ்டம்' என்பது.

வலி மருந்தை ஏற்றிக்கொண்டே போயும் வலி குறையாதபோதும் இதை நினைத்துப் பாருங்கள். செவிலியராகத் தொடங்கி, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவமும் படித்த சிசிலி சாண்டர்ஸ் இதற்கு 'முழு வலி' என்று பெயர் வைத்தார்: உடல், மனம், சமூகம், ஆன்மிகம் நான்கும் கலந்த வலி. 1967-ல் லண்டனில் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் நிலையத்திலிருந்துதான் இன்றைய நோய்த்தணிப்புச் சிகிச்சை பரவியது. இதனால் மருந்தைக் குறைத்துவிடலாம் என்று யாரும் முடிவுகட்டவேண்டாம். முதலில் உடல் வலிக்கு முழுசாக மருந்து, வலியில் துடிப்பவரிடம் போய் வாழ்க்கையின் அர்த்தம் பேசுவது கொடுமை. மருந்து சரியாகக் கொடுத்தபின்னும் மிஞ்சுகிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

கேட்கச் சட்டகம் ஒன்று வேண்டுமென்றால் ஃபிக்கா இருக்கிறது, கிறிஸ்டினா புச்சால்ஸ்கி என்ற மருத்துவர் 1990-களில் உருவாக்கியது. நான்கு விஷயம்: நம்பிக்கை, அதன் முக்கியத்துவம், துணைநிற்கும் சமூகம், சிகிச்சையில் அதை எப்படிக் கவனிப்பது. அப்படியே வாசித்தால் விசாரணை மாதிரி இருக்கும், ஆகவே நான் நம் பேச்சுக்கு இறக்கிக்கொண்டேன். "இவ்வளவு கஷ்டத்திலயும் உங்களைத் தாங்கிப் பிடிக்கிறது எது?" அப்புறம், "இந்த நோய் வந்தப்புறம் அது மாறிடுச்சா?" அப்புறம், "மனசு விட்டுப் பேசணும்னா யாரைக் கூப்பிடுவீங்க?" கடைசியாக, "நாங்க ஏதாவது செய்யணுமா?" நான்கையும் ஒரே நாளில் கேட்கவேண்டியதில்லை. முதல் கேள்விக்கு ஒருவர் பேத்தியின் பெயரைச் சொன்னார், ஒருவர் தான் வளர்க்கும் நாயை, ஒருவர் சங்கத்துத் தோழர்களை, ஒருவர் கடவுளை. நான்கும் சரியான பதில்கள்.

நான் மேலே சொன்ன மூன்றாவது வகைக்கு வருகிறேன், இதைத் தவறவிடுவதுதான் அதிகம். ஒரு அம்மா, தலையணைக்கடியில் எப்போதும் ஒரு சாமி படம், வேளை தவறாமல் செபம், வாரம் ஒருமுறை மதகுருவும் வந்து போகிறார். எங்கள் குறிப்பில் எல்லாம் 'ஆன்மிகத் தேவை நிறைவேறியது' என்று அழகாக இருக்கும். ஒருநாள் விரிப்பு மாற்றும்போது பார்த்தேன், படம் குப்புறக் கிடந்தது. தவறி விழுந்திருக்கும் என்று நிமிர்த்தி வைத்தேன். மறுநாளும் குப்புற. "அம்மா, படம் திரும்பிக் கிடக்கே?" என்றேன். "அவர் என் பக்கம் திரும்பலை, நான் எதுக்கு அவர் மூஞ்சியைப் பார்க்கணும்?" என்றார். இந்தக் கோபத்தை மதகுருவிடம் அவரால் சொல்ல முடியவில்லை. மகளிடமும் முடியவில்லை, வீட்டில் பக்திக்குப் பெயர் போனவர் அவர்தான். விரிப்பு மாற்ற வந்தவளிடம் சொல்ல முடிந்தது.

இதை ஏதோ வயதான காலத்துப் புலம்பல் என்று ஒதுக்கக்கூடாது. உளவியலாளர் கென்னத் பார்கமென்டும் அவர் குழுவினரும் 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 நோயாளிகளை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து 2001-ல் எழுதினார்கள்: கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார், என்மேல் அவருக்கு அன்பில்லை என்று உள்ளுக்குள் போராடிக்கொண்டிருந்தவர்களிடம் இறப்பு ஆபத்து கூடுதலாக இருந்தது, உடல்நிலை போன்ற மற்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும்கூட. ஆக, மதம் இருப்பதாலேயே ஆன்மிகம் நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஐந்தாம் படி: என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது

"எல்லாம் சரியாயிடும்" வேண்டாம். "கடவுள் இருக்கார், அவர் பார்த்துப்பார்" வேண்டாம், அவரே சொன்னால் ஒழிய. "நீங்க இப்படிப் பேசலாமா, எவ்வளவு தைரியமானவர் நீங்க" என்பதும் வேண்டாம். மூன்றுமே நல்ல மனசோடு சொல்லும் சொற்கள்தான், ஆனால் சொன்ன நொடியில் அவர் வாய் மூடிக்கொள்ளும். அவர் சொன்னதன் கடைசிச் சொல்லையே கொஞ்சம் நீட்டித் திருப்பிக் கேளுங்கள், இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. "பாரமா ஆயிட்டேன்" என்றால், "பாரமான்னு உங்களுக்குத் தோணுது… எப்போலேர்ந்து?" அவ்வளவுதான். அப்புறம் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் பத்து நொடிதான் இருக்கும், புதிதாக வந்தவருக்கு அது அரை மணி நேரம் போலத் தெரியும்.

"ஏன் எனக்கு மட்டும்?" என்று கேட்டால் காரணம் சொல்லாதீர்கள். புகைபிடித்ததால் என்று சொல்லவும் வேண்டாம், சோதனை என்று சொல்லவும் வேண்டாம். "எனக்குத் தெரியலைங்க" என்பது நேர்மையான பதில், சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றால் போதும்.

"நீ சாமி கும்பிடுவியாம்மா?" என்று உங்களையே கேட்பார்கள். பொய் சொல்லவேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். ஒரு வரியில் சொல்லிவிட்டு, "உங்களுக்கு எப்படி?" என்று பேச்சை அவரிடமே கொடுத்துவிடுங்கள். "எனக்காக ஒரு செபம் சொல்லேன்" என்று கேட்டால், உங்களுக்குச் சங்கடம் இல்லையென்றால் அவருடைய வழக்கப்படி செய்யலாம். முடியாது என்றால், "நீங்க சொல்லுங்க, நான் பக்கத்தில இருக்கேன்" என்று நிற்கலாம், அல்லது அவர் விரும்பும் ஆளைக் கூப்பிட்டுக் கொடுக்கலாம். அவர் கேட்காமல் நீங்களாக "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று ஆரம்பிக்காதீர்கள். ஊசியும் மருந்தும் உங்கள் கையில் இருக்கிறது, அந்த நிலையில் இருக்கும் உங்களிடம் 'வேண்டாம்' என்று சொல்ல அவருக்குத் தயக்கமாக இருக்கும். மதம் மாறச் சொல்வது, புத்தகம் கொடுப்பது எல்லாம் கேட்கவே வேண்டாம், கூடவே கூடாது. நோயாளியின் மத, ஆன்மிக நம்பிக்கைகளை மதிக்கும் சூழலை உருவாக்குவது செவிலியர் கடமை என்று சர்வதேச செவிலியர் மன்றத்தின் அறநெறித் தொகுப்பே சொல்கிறது.

ஆறாம் படி: கையால் ஏதாவது செய்யுங்கள்

மதத் தேவைக்குச் செய்வது ஏற்பாட்டு வேலை: செபிக்கும் பத்து நிமிடம் திரையை இழுத்துவிடுவது, அந்த நேரத்தில் ரத்தம் எடுக்கப் போகாமல் இருப்பது, கட்டிலைத் திருப்பிப் போடுவது, மதகுரு வந்தால் உட்கார நாற்காலி. சுலபம்.

ஆன்மிகத் தேவைக்குச் செய்வது ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் பெரும்பாலும் சின்ன வேலைதான். பேசாமல் இருக்கும் தம்பிக்கு போன் போட்டுக் கொடுப்பது. சக்கர நாற்காலியில் பத்து நிமிடம் வானம் தெரியும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவது. தனக்கு எந்தச் சட்டை என்று அவரையே தேர்ந்தெடுக்க விடுவது. வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துச் சொல்ல வைப்பதும் நல்ல மருந்து. கனடாவின் மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் இதை 'கண்ணியச் சிகிச்சை' என்றே வகுத்தார். கடைசிக் கட்டத்தில் இருப்பவரை, எதற்காகத் தன்னை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும், யாருக்கு என்ன சொல்லவேண்டும் என்று பேசவைத்துப் பதிவுசெய்து, எழுத்தாக்கி, அவரே திருத்தியபின் குடும்பத்துக்குக் கொடுப்பது. அதை முறையாகச் செய்யப் பயிற்சி வேண்டும். "உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்களேன்" என்று கேட்பதற்குப் பயிற்சி வேண்டாம்.

கடிகாரக்காரர் கதையில் அதைச் செய்தது நான் இல்லை, இயன்முறை மருத்துவர். ஷிப்ட் மாறும்போது நான் ஹேண்டோவரில் சும்மா ஒப்பித்த அந்த இரவுப் பேச்சை அவர் காதில் வாங்கியிருக்கிறார். மகனிடம் சொல்லி ஒரு பழைய அலாரம் கடிகாரத்தையும் திருப்புளியையும் கொண்டுவரச் செய்து, இடது கைப் பயிற்சிக்குப் பந்தை அழுத்துவதற்குப் பதில் அதைக் கொடுத்துவிட்டார். மகன் பிரிக்க, ஐயா இடது கையால் சுட்டிக்காட்டி அவனைத் திட்டிக்கொண்டே இருந்தார். வார்டே கேட்கும்படி திட்டினார். அந்த வாரம் தூக்க மாத்திரையைக் கேட்கவில்லை.

ஏழாம் படி: எங்கே நிறுத்திக்கொள்வது

எல்லாவற்றையும் ஆன்மிகம் என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து. "செத்துப்போயிடலாம்னு இருக்கு" என்பது வெறும் சலிப்பாகவும் இருக்கலாம், நிஜத் திட்டமாகவும் இருக்கலாம். நேராகவே கேளுங்கள்: "உயிரை மாய்ச்சுக்கணும்னு நினைக்கிறீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் போய் எதிலும் நாட்டமில்லாமல் கிடந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்கு மருத்துவம் உண்டு.

நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று இரவு திடீரென்று கடவுள் சுவரில் நிற்கிறார் என்று கத்தினால், பரவசம் என்று கைகூப்பாமல் ஆக்சிஜனையும் சர்க்கரையையும் காய்ச்சலையும் பாருங்கள், சிறுநீர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு மருத்துவரைக் கூப்பிடுங்கள். அது டெலிரியம் என்ற குழப்பநிலையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதேசமயம், இறுதி நாட்களில் இருப்பவர் இறந்துபோன அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக அமைதியாகச் சொன்னால் 'யாரும் இல்லையே' என்று வாதாடவேண்டாம். பயமாக இருக்கிறதா, ஆறுதலாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

சிகிச்சையை மத நம்பிக்கையால் மறுக்கும்போது தீர்ப்புச் சொல்லும் வேலை நமக்கில்லை. தெளிந்த புத்தியுள்ள பெரியவர் தனக்கு வேண்டாம் என்று சொல்வதும், பெற்றோர் குழந்தைக்கு வேண்டாம் என்று சொல்வதும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. இரண்டிலும் உடனே மேலே தெரிவியுங்கள்.

எட்டாம் படி: எழுதும் விதம்

'ஆன்மிகத் தேவை: இல்லை' என்று எழுதவேண்டாம், 'இதுவரை பேசவில்லை' என்று எழுதினால் அது உண்மையாகவாவது இருக்கும். மதத்தைத் தகவலாக எழுதலாம்: இன்னது ஏற்பதில்லை, இந்த நேரம் செபம், இவரை அழைக்கவேண்டும். மற்றதை அவர் சொற்களிலேயே எழுதுங்கள். 'நோயாளி மனச்சோர்வுடன் காணப்படுகிறார்' என்ற வரியால் அடுத்த ஷிப்டுக்கு ஒரு பயனும் இல்லை. 'வீட்டுக்குப் பாரம் ஆயிட்டேன் என்று இருமுறை சொன்னார், மகளோடு பேசியபின் ஓரளவு சாப்பிட்டார், மாலையில் மகள் வரும் நேரம் வேறு வேலை வைக்கவேண்டாம்' என்று எழுதினால் அடுத்து வருகிறவர் எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொள்வார். ஆனால் அவர் நம்பிச் சொன்ன குடும்ப ரகசியத்தை, யாரோடு சண்டை, யார் செய்த துரோகம் என்பதையெல்லாம் கேஸ் ஷீட்டில் போடாதீர்கள். சிகிச்சைக்குத் தேவையான அளவு மட்டும், அதுவும் முடிந்தால் "இதை மத்த சிஸ்டர்கிட்ட சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டு.

புதிதாக வருகிறவர்கள் கடைசியில் தவறாமல் கேட்பது, நேரம் எங்கே இருக்கிறது என்று. உண்மைதான், நேரம் இல்லை. நான் தனியாக நேரம் ஒதுக்குவதில்லை, ஏற்கெனவே அவர் உடம்பில் கை வைத்திருக்கும் நேரத்தையே பயன்படுத்துகிறேன். கட்டு மாற்ற எப்படியும் பத்து நிமிடம் ஆகும்.

இன்னொன்றும் கேட்பார்கள்: நினைவில்லாமல் ஐசியூவில் கிடப்பவரிடம் எதைக் கேட்பது? அவரைப் பற்றிக் குடும்பத்தைக் கேளுங்கள், மதத்தை மட்டுமல்ல, எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், எந்தப் பாட்டைக் கேட்பார், எதற்குக் கோபம் வரும் என்று. தொடுவதற்கு முன் அந்தப் பெயரைச் சொல்லி, "திருப்பிப் படுக்க வைக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். அவர் தலைக்கு மேலே நின்றுகொண்டு வார இறுதி டூட்டி யாருக்கு என்று பேசாதீர்கள்.